ஜேர்மன் மொழி கற்பதால் ஆம் பயன்



உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் ஒரு மகன், ஒருநாள் மாலை தன் தந்தையிடம் வந்து, “வாப்பா, ஜேர்மன் மொழி படிக்கப் போகிறேன்” என்று கூறினால், அத்தந்தை என்ன விடை பகர்வார்? கல்முனையிலும், அதற்கு வடக்கே மருதமுனையிலும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தொடர்ந்து செல்லும் ஊர்களிலும், இந்தக் கேள்வி எழக்கூடிய வீடுகள் பல உள. தந்தை வியப்படைவது இயல்பே. “தமிழ் வீட்டிலே இருக்கிறது. அரபு ஓதுகிறாய். ஆங்கிலம் பள்ளியிலே படித்தாய். சிங்களம் அலுவலகத்திற்கு வேண்டும். இத்தனைக்கும் மேல் ஐந்தாவதாக ஒரு மொழி எதற்கு? கட்டாருக்கோ சவூதிக்கோ போனால் அடுத்த மாதமே சம்பளம் வருமே!” என்று அவர் கேட்பார். இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டு உழைப்பும் சேமிப்பும் அதில் அடங்கியுள்ளன. அதற்குத் தக்க விடை இறுப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண், இம்மொழியைப் பேசுவோர் யாவர் என்பதைக் காண்போம். ஜேர்மனி, ஆஸ்திரியா, சுவிற்சர்லாந்தின் பெரும்பகுதி, சிறுநாடாகிய லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றில் இதுவே மக்களின் மொழி. லக்ஸம்பேர்க்கிலும், பெல்ஜியத்தின் கீழ்ப்புறத்திலும், இத்தாலியின் வடக்கு மலைநாட்டிலும் இம்மொழிக்கு அரசுரிமை உண்டு. ஒன்பது கோடிக்கு மேற்பட்டோர் இதைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். எனினும், பலர் பேசுகிறார்கள் என்பது மட்டுமே ஒரு மொழியைக் கற்பதற்குப் போதிய காரணம் ஆகாது. அம்மொழிக்கும் கற்பவனுக்கும் இடையே ஏதேனும் உறவு இருத்தல் வேண்டும். கல்முனைக் கரையில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மாணவனுக்கு அத்தகைய உறவு ஒன்றல்ல, பல உள என்பது எண்ணிப் பார்ப்போருக்குப் புலனாகும்.

தமிழ்வழி வந்த உறவை முதலில் நோக்குவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்வதை இக்கரை மக்கள் அனைவரும் அறிவர். அந்த நாகூருக்குச் சற்று வடக்கே, அதே சோழமண்டலக் கரையில், தரங்கம்பாடி என்னும் ஊர் உள்ளது. அது டேனிஷ்காரருடைய குடியேற்றமாக இருந்த காலத்தில், 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பர்த்தலோமேயு சீகன்பால்க் என்னும் ஜேர்மானியர் அங்கு வந்து இறங்கினார். அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிற்கே வரச்செய்து, சிறுபிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து, மணலிலே விரலால் எழுதித் தமிழைக் கற்றார். பத்தாண்டுகளுள், 1716இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜேர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாயிற்று. அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்புதற்கே. ஆயினும், தாம் கற்ற மொழியிலுள்ள சுவடிகளைத் தேடித் திரட்டிப் பட்டியலிட்டும், இந்நாட்டு மக்களின் வழக்கங்களை வினவி எழுதியும் வைத்த பணி, சமய எல்லையைக் கடந்து நிற்பது. ஹாலேயில் தமிழ் ஏடுகள் இன்றும் பேணப்படுகின்றன.

அவருக்குப் பின்னரும் இத்தொடர்பு அறுந்துபோகவில்லை. காமரர் என்பவர் செய்த திருக்குறள் ஜேர்மன் பெயர்ப்பு 1803இல் நூரம்பேர்க் நகரில் வெளிவந்தது. கார்ல் கிரௌல் என்னும் அறிஞர் 1850களிலும் 60களிலும் தமிழ் நூல்கள் சிலவற்றை வரிசையாகப் பதிப்பித்தார். குறளை 1856இல் ஜேர்மன் மொழியில் தந்தார். பிற்காலத்தில் கொலோன், ஹைடல்பேர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்பெற்று வந்துள்ளது. ஆக, ஜேர்மானியர் தமிழ் கற்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர்கள் தமிழைப் பற்றி எழுதியவற்றை மூலத்திலேயே படித்துச் சரி எது, பிழை எது எனக் கூறவல்ல தமிழர் எத்துணைப் பேர் உளர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். கொடுத்தலும் கொள்ளலும் இருபுறமும் நிகழ்ந்தாலன்றி அது வாணிகம் ஆகாது. அறிவுலகிலும் அங்ஙனமே.

இனி, இஸ்லாமிய அறிவுவழி வந்த உறவைக் காண்போம். அல்லாமா இக்பாலின் பெயரை அறியாத முஸ்லிம் பாடசாலை இத்தீவில் இல்லை. சியால்கோட்டில் பிறந்த அவர் 1905இல் கேம்பிரிட்ஜ் சென்றார் என்பது பலர் அறிந்தது. 1907ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஹைடல்பேர்க் நகரில் தங்கி ஜேர்மன் மொழி பயின்றார் என்பதும், அவ்வாண்டு நவம்பரில் மியூனிக் பல்கலைக்கழகமே அவருக்கு முனைவர்ப் பட்டம் வழங்கியது என்பதும் சிலரே அறிந்தவை. பாரசீகத்தில் மெய்யியல் வளர்ந்த வரலாறே அவர் ஆராய்ந்த பொருள். அந்த ஆற்றங்கரைச் சாலை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஜேர்மன் மகாகவி கேத்தே, பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் பாடல்களை ஜேர்மன் பெயர்ப்பிலே 1814இல் படித்து உள்ளம் நெகிழ்ந்தார். முதுமைப் பருவத்தில் அரபு எழுத்துகளை எழுதிப் பழகினார். 1819இல் ‘மேற்குக் கிழக்குத் திவான்’ என்னும் நூலை வெளியிட்டார். நூறாண்டு கழிந்தபின் இக்பால் அதற்கு மறுமொழியாகப் பாரசீகத்தில் ஒரு நூல் பாடினார். 1923இல் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘பயாமே மஷ்ரிக்’. அதாவது, கிழக்கின் தூது. கிழக்கிலிருந்து ஒரு குரல் மேற்கே சென்று, மேற்கிலிருந்து ஒரு குரல் கிழக்கே மீண்டது. இடையில் நின்ற பாலம் யாது? கவிஞர் இருவர் பிறமொழி கற்க எடுத்த முயற்சியே அப்பாலம்.

அரபு இலக்கியத்திற்கும் ஜேர்மானிய அறிஞர் ஆற்றிய பணி பெரிது. இப்னு ஹிஷாம் எழுதிய நபிகள் நாயகத்தின் வரலாற்றை வூஸ்டன்பெல்ட் என்பவர் 1858 முதல் 1860 வரை கோட்டிங்கன் நகரில் அரபு மூலத்தோடு பதிப்பித்தார். பேர்லின் நூலகத்திலுள்ள அரபுச் சுவடிகளுக்கு ஆல்வார்ட் என்பவர் பத்துப் பெருந்தொகுதிகளில் விளக்கப் பட்டியல் எழுதினார். புரொக்கல்மன் அரபு இலக்கிய வரலாற்றை வகுத்தார். இன்று உலகெங்கும் அரபு கற்போர் கையில் இருக்கும் ஹான்ஸ் வேர் அகராதி, 1952இல் அரபு–ஜேர்மன் அகராதியாகவே முதலில் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பு 1961இல்தான் வந்தது. அரபுக் கல்லூரியில் அந்த ஆங்கிலப் பதிப்பைப் புரட்டும் மாணவன், தான் அறியாமலே ஒரு ஜேர்மானியரின் உழைப்பைப் புரட்டுகிறான்.

‘இவையெல்லாம் பிறர் நம்மைப்பற்றி எழுதியவை, அவற்றுள் காழ்ப்பும் பிழையும் இல்லையா?’ என்று ஒருவர் வினவலாம். உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை மறுக்க வேண்டுமாயினும் அம்மொழியை அறிந்தாக வேண்டும். இதற்குச் சான்றாக விளங்கியவர் துருக்கி நாட்டறிஞர் புவாத் செஸ்கின். 1960இல் துருக்கியில் ஏற்பட்ட இராணுவப் புரட்சியை அடுத்துப் பல்கலைக்கழகப் பதவியை இழந்த அவர், ஜேர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். முஸ்லிம்கள் கணிதத்திலும், வானியலிலும், மருத்துவத்திலும், புவியியலிலும் எழுதிய நூல்களின் வரலாற்றை ஜேர்மன் மொழியிலேயே எழுதலானார். அதன் முதல் தொகுதி 1967இல் வந்தது. 2018இல் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறையும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அப்பணியை அவர் தொடர்ந்தார். ‘முஸ்லிம்கள் விஞ்ஞானத்திற்கு என்ன செய்தார்கள்?’ என்று கேட்ட மேற்கு நாட்டவருக்கு, அவர்தம் மொழியிலேயே, அவர்தம் ஆய்வு நெறியிலேயே விடை எழுதியவர் அவர். வெறும் முழக்கத்தால் ஆகாத காரியம் ஒரு மொழியறிவால் ஆயிற்று.

இலங்கை வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். மகாவம்சத்தின் பாளி மூலத்தை ஆராய்ந்து 1908இல் பதிப்பித்தவர் வில்கெல்ம் கைகர் என்னும் ஜேர்மானியர். பலரும் மேற்கோள் காட்டும் 1912ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு, அவர் ஜேர்மன் மொழியில் செய்ததை மேபல் போட் என்னும் அம்மையார் ஆங்கிலமாக்கியதேயாகும். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தவரான சரசின் உறவினர் இருவர் இத்தீவில் சுற்றி ஆராய்ந்து, வேடரையும் அவரைச் சூழ்ந்து வாழும் மக்களையும் பற்றிய பெருநூலை 1892–93இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டனர். இன்றைய அறிவுக்கு ஒவ்வாத இனக்கொள்கைகள் அக்காலத்து நூல்களில் உண்டு. எனினும், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்திய இத்தீவு மக்களின் தோற்றத்தையும் வாழ்வையும் கண்ணால் கண்டு எழுதிய குறிப்புகள் எளிதில் கிடைப்பனவல்ல. கிழக்கிலங்கை வரலாற்றை எழுதப் புகும் ஒலுவில் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இம்மொழியை அறிந்திருப்பானேல், பிறர் திறவாத பெட்டி ஒன்று அவனுக்காகக் காத்திருக்கின்றது.

நூல்களை விட்டுத் தறிக்கு வருவோம். மருதமுனை என்றதும் நினைவுக்கு வருவது கைத்தறி. சாரனும் சேலையும் நெய்யும் அவ்வூர்த் தறிகளில் ஏறும் நூலின் நிறம் எங்கிருந்து வந்தது? பண்டைக் காலத்தில் நீலம் அவுரிச் செடியிலிருந்தும், சிவப்பு சாயவேரிலிருந்தும் பெறப்பட்டன. இலங்கையின் வடபகுதியில் சாயவேர் அகழ்தல் ஒரு தொழிலாகவே இருந்தது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜேர்மானிய இரசாயனர் இருவர், வேரிலுள்ள சிவப்புச் சாயப் பொருளை ஆய்வுகூடத்திலே ஆக்கிக் காட்டினர். 1880இல் அடொல்ப் வொன் பேயர் நீலச் சாயத்தையும் அவ்வாறே ஆக்கினார். 1897இல் ஜேர்மன் தொழிற்சாலை ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. அடுத்த சில ஆண்டுகளுள் வங்காளத்திலும் பீகாரிலும் அவுரி வயல்கள் வீழ்ச்சியுற்றன. பயிரிட்டவனும், அகழ்ந்தவனும், சாயம் தோய்த்தவனும் தங்கள் தொழில் ஏன் அழிந்தது என்பதை அறியவில்லை. அதைக் கூறும் கட்டுரைகள் அவர்கள் படிக்கவியலாத ஒரு மொழியில் அச்சாகியிருந்தன.

அந்நாளில் இரசாயனம் கற்போன் ஜேர்மன் மொழியைக் கற்றே தீரவேண்டியிருந்தது. இன்று அந்நிலை இல்லை என்பதையும் ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். இப்போது விஞ்ஞான ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. ஆகவே, விஞ்ஞானக் கட்டுரை படிப்பதற்காக ஜேர்மன் கற்பது இன்றியமையாததன்று. ஆனால் அந்நாட்டின் தொழிற்கூடத்திலும், பட்டறையிலும், வைத்தியசாலையிலும் வேலை நடைபெறுவது ஜேர்மன் மொழியிலேதான். அங்கே சென்று கற்க விழைவோனுக்கு ஆங்கிலம் வாயிற்படிவரைதான் துணைவரும்.

இனி, ‘இம்மொழி கடினமானதாமே?’ என்னும் அச்சத்தை ஆராய்வோம். ஆங்கிலேயனுக்குக் கடினம் என்பது உண்மை. ஆனால் கல்முனைப் பிள்ளையின் கையில், ஆங்கிலேயனிடம் இல்லாத இரண்டு திறவுகோல்கள் உள்ளன. ஒன்று, வீட்டில் பேசும் தமிழ். மற்றொன்று, குர்ஆன் மத்ரசாவில் சிறுவயது முதல் ஓதிப் பழகிய அரபு.

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் நிற்கும். ஜேர்மன் மொழியிலும் பல வாக்கியங்களில் வினை இறுதிக்கே சென்றுவிடும். ‘நான் விரும்புகிறேன், இன்று கல்முனைக்குப் போக’ என்பது அவர்கள் கூறும் முறை. ‘ஏனெனில்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்திலும் வினை கடைசியிலேயே வரும். முழு வாக்கியத்தையும் மனத்தில் தாங்கி இறுதிவரை காத்திருக்கும் பழக்கம் தமிழனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. தமிழுக்கு வேற்றுமை எட்டு, ஜேர்மனுக்கு நான்கே. சொற்களைச் சேர்த்துச் சொல்லாக்கும் முறையும் இருமொழிக்கும் பொது. தமிழில் ‘கையுறை’ என்பதை அவர்கள் ‘கைச்சப்பாத்து’ என்பர். வைத்தியசாலையை ‘நோயாளர் வீடு’ என்பர். அஃறிணைக்கும் உயர்திணைக்கும் பழகிய காது, சிறுமியைக் குறிக்கும் சொல்லை அவர்கள் ஒன்றன்பாலில் வைப்பதைக் கேட்டு முதலில் சிரிக்கும். ஆனால் ‘குழந்தை அழுதது’ என்று தமிழிலும் கூறுகிறோம் அன்றோ?

அரபு தரும் துணை இதனினும் வியப்பானது. ஜேர்மன் மொழியில் கதிரவன் பெண்பால், திங்கள் ஆண்பால். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்கு நேர்மாறான இவ்வழக்கு ஓதிப் பழகிய பிள்ளைக்குப் புதிதன்று. அரபிலும் ‘ஷம்ஸ்’ பெண்பால், ‘கமர்’ ஆண்பால். இருபத்தொன்று என்பதை ஜேர்மானியர் ‘ஒன்றும் இருபதும்’ என்பர், அரபிலும் அவ்வாறே. ‘பாஹ்’, ‘நாஹ்’ என்பன போன்ற ஜேர்மன் சொற்களின் ஈற்றில், அடித்தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலி உண்டு. ஆங்கிலேய மாணவன் அதற்காகப் பல நாள் பாடுபடுவான். அரபு நெடுங்கணக்கில் ஏழாவது எழுத்தாகிய ‘கா’வை முறையாக உச்சரிக்கக் கற்ற பிள்ளைக்கு அது முதல் நாளிலேயே வரும். ‘ஃப’ ஒலியும் ‘ஸ’ ஒலியின் அதிர்வும் அவ்வாறே. எண்ணின் இலக்கத்தைக் குறிக்கும் ஜேர்மன் சொல், அரபில் சுழியத்தைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்பதன் வழிவந்தது. இஞ்சிக்கு அவர்கள் வழங்கும் ‘இங்வர்’ என்னும் சொல், பல மொழிகளைக் கடந்து சென்ற தமிழ் ‘இஞ்சிவேர்’ என அறிஞர் பலர் கருதுவர். ஆகவே, முற்றும் அந்நியமான வீட்டிற்குள் நுழைகிறோம் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

வயிற்றுக்கான பயனைக் கூறாது விடின் இப்பேச்சு நிறைவுறாது. 1970களின் பிற்பகுதி தொடங்கி இக்கரையிலிருந்து எண்ணற்றோர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகள் ஊர்தோறும் உள்ளன. அவ்வுழைப்புக்கு வணக்கம் செலுத்துதல் கடன். ஆயினும், அவர்களுட் பலர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சென்றபடியே மீண்டனர். கையில் பணம் இருந்ததே தவிர, கைத்தொழிலின் சான்றிதழ் இல்லை. ஜேர்மனியில் முதியோர் பெருகி, உழைப்போர் குறைந்து வருகின்றனர். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து தொழில் தெரிந்தோரை வரவேற்கும் சட்டம் ஒன்று 2020 மார்ச் முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. 2023இலும் 2024இலும் அது மேலும் தளர்த்தப்பட்டது. பட்டறையில் வேலையும் பாடசாலையில் கல்வியும் ஒருங்கே நடக்கும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி முறை அந்நாட்டின் சிறப்பு. பயிலும்போதே ஊதியமும் உண்டு. அம்முறையின் அருமையை இலங்கையர் அறியாதவரல்லர். 1959இல் தொடங்கப்பெற்று இன்று மொரட்டுவையில் இயங்கும் இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் பயின்ற இயந்திர வினைஞருக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. 2016இல் கிளிநொச்சியிலும் அத்தகைய நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது.

அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரிடமும் கற்பித்தற் கட்டணம் பெறுவதில்லை. பாடன்–வூர்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஒரு பருவத்திற்கு 1500 யூரோ அறவிடுகின்றது. ஆனால் ‘கல்வி இலவசம்’ என்று கேட்டவுடனே மயங்கிவிடலாகாது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணம் வங்கியில் உண்டு எனக் காட்டுதல் வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோவாக இருந்தது. இதை ஒரு நெசவாளியோ மீனவரோ எளிதிற் புரட்டவியலாது. ஆகவே, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி வழியும், தாதியர் தொழில் வழியும் பொருத்தமானவை. அவற்றுக்கு மொழித் தேர்ச்சியே முதற்பணம். தாதியர் தொழிலுக்குப் பொதுவாக ‘பி–இரண்டு’ எனப்படும் நான்காம் நிலை வேண்டும். தொடக்கம் முதல் அந்நிலையை எய்த ஏறத்தாழ 600 முதல் 800 பாடவேளைகள் தேவை என்பது கேத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. நாளொன்றுக்கு இரண்டு பாடவேளை படித்தால், ஏறத்தாழ ஓராண்டு ஆகும். இடையில் விட்டவனுக்கு அரைச் சான்றிதழ் எவரும் தருவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தேவை எங்கு உண்டோ, அங்கு ஏய்ப்பவனும் வந்து சேர்வான். ‘மொழி வேண்டாம், பரீட்சை வேண்டாம், பணம் தந்தால் மூன்று மாதத்தில் விமானம் ஏற்றுவேன்’ என்று கூறுபவனை வாசலோடு திருப்பி அனுப்புதல் நன்று. பொய்ச் சான்றிதழோடு செல்பவன் தூதரகத்தின் முதற் கேள்வியிலேயே அகப்படுவான். அதனைத் தப்பினாலும், நோயாளி வலியென்று அலறும்போது அவன் மொழி விளங்காது நிற்கும் தாதியின் நிலை என்னவாகும்? மொழித் தேர்வு என்பது வெளிநாட்டான் போட்ட வேலி மட்டுமன்று. நோயாளிக்கும் தாதிக்கும் ஒருங்கே அமைந்த காப்பு அது.

ஊரைவிட்டுப் போக விரும்பாதோருக்கும் இம்மொழி உதவும். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே பொத்துவில்லை அடுத்துள்ள அறுகம்பையில், ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வரும் அயல்நாட்டவருள் ஜேர்மன் பேசுவோர் பலர். அவர்களை அவர்கள் மொழியில் வரவேற்று, காட்டையும் களப்பையும் காட்டி விளக்கவல்ல வழிகாட்டி, பொத்துவில் பிள்ளையாகவே ஏன் இருத்தல் கூடாது? உயர்தர வகுப்பில் ஜேர்மன் ஒரு பாடமாக உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பட்டப்படிப்பிலும் கற்கலாம். இப்பாடத்தைக் கற்பிக்கக் கிழக்குக் கரையில் ஆசிரியர் அரிது. முதலில் கற்கும் ஒருவர், பின்வரும் நூற்றுவருக்கு ஆசிரியர் ஆகலாம். பெண்பிள்ளைகளுக்கு இது பெரிதும் ஏற்ற துறை.

இத்தீவிலிருந்து 1980களில் புகலிடம் தேடிச் சென்ற தமிழர் பல்லாயிரவர் ஜேர்மனியில் வாழ்கின்றனர். உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியபடியே காதால் கேட்டு மொழியைக் கற்றவர் பலர். அரசு அலுவலகம் செல்லும்போது பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் சென்ற பெற்றோரும் உண்டு. 2002இல் ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இன்று அந்நாட்டவரும் சென்று காணும் இடமாயிற்று. மொழி அறியாது சென்றோர் பட்ட துயரத்தை, அறிந்து செல்வோர் படவேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. இட்லரின் ஆட்சியில் மாந்தரைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லக் கட்டளையிட்டதும் இதே மொழிதான். அதனை மறைத்தல் கூடாது. 1933 மே 10ஆம் நாள் பேர்லின் சதுக்கத்தில் நூல்கள் தீயிலிடப்பட்டன. எரிந்தவற்றுள் கவிஞர் ஹைனேயின் நூல்களும் இருந்தன. அவர் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஸ்பெயின் முஸ்லிம்களின் துயரத்தைப் பாடிய ‘அல்மன்சூர்’ நாடகத்தில், கிரானடாவில் குர்ஆன் எரிக்கப்பட்டதைக் கண்டித்து எழுதியவர். அவருடைய அச்சொற்களையே பின்னர் ஜேர்மானியர் அச்சதுக்கத்தில் பொறித்து வைத்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கேட்டுக் கண்ணீர் வடித்த எவருக்கும் அந்தக் கல்வெட்டு அயலாரின் கல்வெட்டாகத் தோன்றாது. தான் செய்த தவற்றைத் தன் மொழியிலேயே தன் தலைநகரின் நடுவில் எழுதிவைக்கும் துணிவு, கற்கத்தக்க பாடங்களுள் ஒன்று.

கல்முனையை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானமும் பல மொழிகளும் கற்றவர். கற்ற அனைத்தையும் தமிழுக்கே கொண்டுவந்து சேர்த்தவர். பிறமொழி கற்றோர் தம் மொழியை மறப்பர் என்னும் அச்சத்திற்கு இக்கரையே விடை தந்துவிட்டது.

ஆகவே, மகன் கேட்டதற்கு வாப்பா கூறவேண்டிய விடை, “வேண்டாம்” என்பதும் அன்று. “உடனே போ” என்பதும் அன்று. “எதற்காகப் படிக்கிறாய் என்பதை முதலில் முடிவு செய். ஓராண்டு இடைவிடாது படிப்பதாயின் தொடங்கு. நாள்தோறும் இரவில் நீ படிக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன்” என்பதே தக்க விடையாகும். மகள் வந்து கேட்டாலும் அவ்விடையே பொருந்தும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் தரங்கம்பாடி மணலில் விரலால் ‘அ’ எழுதினார். கல்முனைக் கரையிலும் மணல் நிறைய உண்டு.